10,000 ராண்டுக்குள் போட்டிக்கு ஏற்ற வேரியபிள் ஸ்கோப் கிடைக்குமா?

கேள்வி: டர்பனில் இருக்கிறேன். கையில் .308 ரைஃபிள் இருக்கிறது. எஃப்-கிளாஸ் (தெரிந்த நெடுந்தூரத்தில் ஸ்கோப் வைத்துப் படுத்துச் சுடும்) போட்டிகளில் பைபாட் என்ற இருகால் தாங்கி வைத்துச் சுடும் எஃப்-டிஆர் பிரிவில் கலந்துகொள்ள ஆசை. 10,000 ராண்டுக்குள் உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய (வேரியபிள்) 6-24 அல்லது 8-32 மடங்கு ஸ்கோப் வாங்கினால் போதுமா? அல்லது இன்னும் காசு சேர்த்து நல்லதாக வாங்குவதா?

பதில்:

போதும், வாங்குங்கள். காசு சேரும்வரை காத்திருந்தால் இரண்டு பருவம் வீணாகிவிடும். ஆனால் அந்த விலையில் தெளிந்த கண்ணாடி, நம்பகமான திருகு, பெரிய உருப்பெருக்கம் மூன்றும் ஒரே குழலுக்குள் கிடைக்காது. தயாரிப்பாளர் எங்கேயோ கை வைத்துத்தான் ஆக வேண்டும். கடையில் உங்களுக்குக் காட்டப்படுவது உருப்பெருக்கம்; பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதும் அதுதான். நான் முதலில் பார்ப்பது மேலேயும் பக்கத்திலும் இருக்கும் டரட் திருகுகளை. கண்ணாடி சற்று மங்கல் என்றாலும் குறி பார்க்க முடியும். திருகு தவறாக நகர்ந்தால் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் பயனில்லை.

ஸ்கோப்பின் உள்ளே இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. டரட்டைத் திருப்பும்போது ஒரு திருகு அந்தக் குழாயை ஒரு பக்கம் தள்ளுகிறது, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் தாங்கிக்கொள்கிறது. விலை குறையும்போது திருகின் புரி துல்லியம் இழக்கிறது, ஸ்பிரிங் வலுவிழக்கிறது. பத்து கிளிக் (திருகின் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்) ஏற்றிப் பத்து கிளிக் இறக்கினால் பழைய இடத்துக்கு வராத ஸ்கோப்புகள் இதனால்தான் வருகின்றன. ஜூம் பெருகப் பெருக உள்ளே அசையும் லென்ஸ்களுக்குக் கூடுதல் துல்லியம் வேண்டும். ஆகவே இந்த விலையில் நான்கு மடங்கு ஜூம், அதாவது 6-24 அல்லது 8-32, நியாயமானது. ஆறு மடங்கு, எட்டு மடங்கு என்று ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்த இரண்டில் நான் 6-24 பக்கம். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் 24 மடங்குக்கு 2 மி.மீ.க்குச் சற்று மேல். 32 மடங்குக்கு ஏறக்குறைய 1.6 மி.மீ. மலிவுக் கண்ணாடியில் அந்தக் கடைசி எட்டு மடங்கு படத்தைப் பெரிதாக்குமே தவிரத் தெளிவாக்காது.

இது புளூம்ஃபொண்டைனில் போய்ப் படுத்தால் தெரியும். அங்குள்ள ஜெனரல் டி வெட் சுடுதளத்தில்தான் நம் நாட்டின் பெரிய பிஸ்லி (நெடுந்தூர ரைஃபிள்) போட்டிகள் நடக்கின்றன. 2023இல் எஃப்-கிளாஸ் உலகப் போட்டி நடந்ததும் அங்கேதான். காலையில் 24 மடங்கில் வளையங்கள் கூர்மையாக நிற்கும். பத்து பதினொரு மணிக்கு வெயில் ஏறிவிட்டால் புல்வெளியிலிருந்து கானல் எழுந்து, 900 மீட்டரில் இருக்கும் கறுப்பு வட்டம் கரைந்து ஓட ஆரம்பிக்கும். அப்போது அனுபவசாலிகளின் கை ஜூம் வளையத்துக்குப் போய் 14, 15க்கு இறக்கிவிடும். படம் சிறியதாகும், ஆனால் நிற்கும். கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் அந்த அளவில் நன்றாகப் படிக்கக் கிடைக்கும். காற்றைக் கணிக்க அதைவிட நல்ல கொடி இல்லை. வேரியபிள் ஸ்கோப்புக்கு நான் காசு கொடுப்பது மேல் எல்லைக்காக அல்ல, இப்படி இறங்கி வருவதற்காக.

இனி முதல் குவியத் தளமா, இரண்டாம் குவியத் தளமா என்பது. முதல் தளத்தில் குறுக்குக்கோடு படத்தோடு சேர்ந்து பெரிதாகும், சிறிதாகும். அதிலுள்ள அளவுக் கோடுகள் எந்த ஜூமிலும் சரியாக இருக்கும். இரண்டாம் தளத்தில் கோடு மாறாது. அளவுகள் ஒரே ஒரு ஜூமில், பெரும்பாலும் உச்சத்தில், மட்டுமே சரி. தூரம் மாறி மாறி வரும் பிஆர்எஸ் வகைப் போட்டிக்கு முதல் தளம் இல்லாமல் கஷ்டம். எஃப்-கிளாஸில் தூரம் தெரியும், பலகை அசையாது. அங்கே இரண்டாம் தளத்தின் மெல்லிய கோடே வசதி: கால் எம்ஓஏ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு எம்ஓஏ) கிளிக்கும் எட்டில் ஒரு பங்கு எம்ஓஏ புள்ளியும் இருந்தால் 900 மீட்டரில் கிளிக்குக்கு ஆறரை செ.மீ., புள்ளி மறைப்பது மூன்று செ.மீ.க்குச் சற்று மேல். 0.1 மில் (தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்) கிளிக் என்றால் அதே தூரத்தில் 9 செ.மீ. நடுவிலிருக்கும் வி வளையமே ஏறக்குறைய அரை எம்ஓஏ, அதாவது 13 செ.மீ. என்னும்போது இந்த வித்தியாசம் சிறியதல்ல. இரண்டாம் தளத்தில் ஒரு குறை உண்டு. ஜூம் லென்ஸ்கள் கோட்டுக்கு முன்னால் இருப்பதால் அவற்றில் தளர்வு இருந்தால், ஜூமை மாற்றும்போது குறியும் நகரும். மேலே சொன்னபடி கானலுக்காக இறங்குபவர் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

சோதிப்பதற்குத் தோட்டா செலவழிக்க வேண்டாம். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எங்கள் சுடுதளத்துக்கு வரும் அண்ணா ஒருவர் இதை அழகாகச் செய்வார். சரியாக 100 மீட்டரை அளந்து, அங்கே எஃகு அளவு நாடா ஒன்றை மேலிருந்து தொங்கவிடுவார். நுனியில் கல் கட்டியிருக்கும். ரைஃபிளை மணல் மூட்டைகளுக்கிடையே இறுக்கிவிட்டு, குறுக்குக்கோட்டை நாடாவின் பூஜ்யத்தில் வைப்பார். பிறகு ஒவ்வொரு கிளிக்காக எண்ணி 10 மில் ஏற்றுவார். கோடு நாடாவில் கீழே இறங்கி 100 செ.மீ.யில் நிற்க வேண்டும். பேரனுக்கு வாங்கிய ஒரு ஸ்கோப்பில் அது 97இல் நின்றது. “அண்ணா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?” என்று கேட்டேன். “பொறு தம்பி, திரும்பி வருகிறதா பார்ப்போம்” என்றார். கீழே இறக்கியதும் கோடு பூஜ்யத்தில் அப்படியே உட்கார்ந்தது. பாதி வழியில் 48.5. பெட்டியின் மேல் தச்சுப் பென்சிலால் 0.97 என்று எழுதினார், அவ்வளவுதான்.

அவர் செய்தது சரி. எப்போதும் ஒரே விகிதத்தில் தவறும் ஸ்கோப்பை வைத்துக்கொள்ளலாம். அந்தத் திருத்தத்தைக் கணக்கில் சேர்த்துவிட்டால் போதும். அதிலும் எஃப்-கிளாஸில் கணக்கில் வராத சோதனைச் சூடு இரண்டு உண்டு, அதில் சரிசெய்துகொள்ளலாம். அதே மூன்று சதவீதம் பிஆர்எஸ்காரருக்கு 10 மில்லில் 0.3 மில், 900 மீட்டரில் 27 செ.மீ. அவருக்கு முதல் தோட்டாவே கணக்கில் வரும். ஆனால் திரும்பி வராத ஸ்கோப்பு யாருக்கும் உதவாது. வாங்கும்போதே மாற்றித் தருவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நாடா சோதனையை 100 கெஜத்தில் செய்துவிட்டு மீட்டர் என்று நினைத்தால் நல்ல ஸ்கோப்பும் ஒன்பது சதவீதம் தவறுவதாகத் தோன்றும், கவனம்.

இன்னொன்று, மொத்த ஏற்றம், அதாவது டரட்டால் குறியை மேலும் கீழும் நகர்த்தக்கூடிய அளவு. வோர்டெக்ஸ் டைமண்ட்பேக் டாக்டிக்கல் 6-24x50இல் மொத்தம் 65 எம்ஓஏ. மேலே கிடைப்பது அதில் பாதிதான். 100 மீட்டரில் பூஜ்யம் வைத்த .308க்குக் கடல் மட்டத்தில் 900 மீட்டருக்கு முப்பதுக்கு மேல் வேண்டும். எனவே ஸ்கோப்பின் கீழே 20 எம்ஓஏ சரிவுள்ள ரெயில் (ரைஃபிளில் ஸ்கோப்பைத் தாங்கும் அடிச்சட்டம்) போடுங்கள். ஏற்றம் கிடைப்பதோடு, தூரத்தில் சுடும்போது உள்குழாய் ஓரத்தில் முட்டாமல் நடுப்பகுதியில் வேலை செய்யும், ஸ்பிரிங்குக்கும் நிம்மதி. புளூம்ஃபொண்டைன் சுமார் 1,400 மீட்டர் உயரம் என்பதால் அங்கே காற்று மெல்லியது, ஏற்றமும் குறைவாகவே தேவைப்படும். டர்பன் கணக்கோடு அங்கே போகாதீர்கள்.

ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங், ரெயிலுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். குமிழி மட்டமும் அவசியம். 10 மில் ஏற்றிய நிலையில் ரைஃபிள் ஒரு பாகை சாய்ந்தாலே 900 மீட்டரில் 16 செ.மீ. பக்கவாட்டில் போகும்.

பழையது வாங்கத் தயக்கமில்லை என்றால், கிளப்பில் மூத்தவர்கள் மேல்தர ஸ்கோப்புக்கு மாறும்போது விற்கும் சைட்ரான் எஸ்3 8-32x56 கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அது கிடைத்தால் 32ஐப் பற்றி நான் சொன்னதை மறந்துவிடலாம், அதன் கண்ணாடி தாங்கும். உள்நாட்டு நிறுவனமான லிங்க்ஸையும் பாருங்கள்; பழுது பார்க்கக் கடல் கடந்து அனுப்ப வேண்டியதில்லை.

நீங்கள் .308ஐ ஒதுக்கிவிட்டு முதலில் .22இல் பழகுவதாக இருந்தால் ஏற்றத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் போய்விடும், பாரலாக்ஸ் (கண் விலகினால் குறியும் விலகித் தெரிவது) அந்த இடத்துக்கு வரும். 100 மீட்டருக்கு நிலைப்படுத்தப்பட்ட 50 மி.மீ. லென்ஸ் ஸ்கோப்பை 50 மீட்டரில் பயன்படுத்தினால், கண் ஓரத்துக்கு விலகும்போது குறி 12 மி.மீ. வரை தவறலாம். அந்தத் தூரத்துக்கான சர்வதேச ரைஃபிள் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ. அதனால், பக்கவாட்டில் குவியத் திருகு உள்ள, 25 மீட்டருக்கும் கீழே இறங்கும் ஸ்கோப்பாகக் கேட்டு வாங்குங்கள்.