2016-இல் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஏன் சாலைக்கு வந்தார்கள்?

2016 ஏப்ரலில் ஓசூர் சாலையை மறித்த பெண்களை எந்தக் கட்சி திரட்டியது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கட்சியும் திரட்டவில்லை. தொழிற்சங்கங்கள்கூட அவர்களுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தன.

காரணம் வருங்கால வைப்பு நிதி. வேலையை விட்டவர் தம் கணக்கிலுள்ள தொகை முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்த விதியை மத்திய அரசு அவ்வாண்டு பிப்ரவரியில் மாற்றி, முதலாளி செலுத்திய பங்கை 58 வயது வரை தொட முடியாதபடி செய்தது. மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்குடன் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் உழைக்கும் பெண்களில் பலர், அந்த வயது வரை இத்தொழிலில் நீடிப்பதில்லை. பொம்மனஹள்ளியில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்த தர்மபுரி அக்கா, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும், இந்த ஊரில் பத்து மாத வாடகையாகக் கேட்கப்படும் வீட்டு அட்வான்ஸுக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்தார்.

ஏப்ரல் 18, 19 ஆகிய இரண்டு நாட்களில் பீன்யா, ஜாலஹள்ளி பகுதிகளிலும் போராட்டம் பரவியது. பேருந்துகள் எரிந்தன, தடியடி நடந்தது. 19-ஆம் தேதியே அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. நான் பார்த்த தொலைக்காட்சிச் செய்திகளிலோ போக்குவரத்து நெரிசலே முதன்மையாக இருந்தது. விதி என்ன சொல்கிறது என்பதை அந்தப் பெண்களிடமே கேட்டிருந்தால் தெளிவாக விளக்கியிருப்பார்கள்; அப்படிக் கேட்கவில்லையே என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. மீண்டும் வேலைக்குப் புறப்பட்ட காலையில், அந்த இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்களோ என்றுதான் அக்கா கவலைப்பட்டார்.