பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தும் சேமிக்க முடியவில்லை, நாங்கள் ஊதாரிகளா?

இல்லை. உங்கள் வீட்டிலும் யாரோ அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறீர்கள். என் சித்தப்பா உறவினர்கள் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: “அண்ணி ஒற்றைச் சம்பளத்தில் உங்களை வளர்த்து ஆளாக்கினார். உனக்கு இரண்டு சம்பளம் வந்தும் போதவில்லையா?”

அம்மா தினமும் கணக்கு எழுதுபவர். அவருடைய பழைய நோட்டுகளை வாங்கி வந்து என் கணக்கோடு ஒப்பிட்டேன். அவர் செலவில் பாதிக்கு மேல் சாப்பாடு. பள்ளிக் கட்டணம் சிறு தொகை, மருத்துவச் செலவு எப்போதாவது. என் கணக்கில் சாப்பாடு கால் பங்குகூட இல்லை. வீட்டுக் கடன் தவணை, பள்ளிக் கட்டணம், காப்பீடு மூன்றும் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. வருமானம் உயர உயரச் செலவில் உணவின் பங்கு குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இலேயே சொல்லிவிட்டார். அமெரிக்கக் குடும்பங்களின் செலவில் 1901இல் உணவுக்கு 42.5 சதவீதம் போனது, 2002-03இல் 13.1 சதவீதம்தான். துணிமணிக்கான பங்கும் 14இலிருந்து 4 சதவீதத்துக்கு இறங்கியது. வீட்டுக்கான பங்கோ 23இலிருந்து ஏறக்குறைய 33 ஆனது.

கல்வியும் மருத்துவமும் ஏன் விலை ஏறுகின்றன என்பதைப் பொருளியலாளர் வில்லியம் பாமோல் 1960களில் விளக்கினார். தொலைக்காட்சிப் பெட்டி தயாரிக்க ஆகும் உழைப்பை இயந்திரம் குறைத்துவிடுகிறது, விலையும் மலிகிறது. பாடம் நடத்தவும் நோயாளியைப் பார்க்கவும் ஆகும் நேரம் அப்படிக் குறைவதில்லை. ஆனால் ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் மற்றவர்களைப் போலச் சம்பளம் உயர்ந்தாக வேண்டும், அதனால் கட்டணம் ஏறுகிறது. ஆகவே மலிந்துபோன கைபேசிதான் சித்தப்பா கண்ணில் படுகிறது, நாங்கள் கட்டும் கட்டணமும் தவணையும் படுவதில்லை.

பெரியவர்களின் சிக்கனத்தை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். வீண் செலவு செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாடவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மாவின் நோட்டில் ‘பழுது பார்த்த கூலி’ என்று அடிக்கடி வருகிறது. எங்கள் சலவை இயந்திரத்தில் ஒரு சிறு பாகம் கெட்டது. அதைத் தனியாகத் தர முடியாது, முழுத் தொகுதியையும் மாற்றுங்கள் என்றார்கள். அவர்கள் கேட்ட தொகையில் புதிய இயந்திரமே வாங்கிவிடலாம். மற்றபடி நல்ல நிலையில் இருந்த இயந்திரத்தைக் குப்பைக்கு அனுப்ப வைத்த அந்த நிறுவனத்தை யாரும் ஊதாரி என்று சொல்வதில்லை.