முதியோர் குடியிருப்பு: டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கோயமுத்தூரிலும் சென்னையிலும் பரவிய ‘சீனியர் லிவிங்’ குடியிருப்புகளுக்கு இப்போது காவிரிக் கரை ஊர்களிலும் விளம்பரப் பலகைகள் முளைக்கின்றன. இந்தக் குடியிருப்புகளின் கட்டடத்தையும் ஒப்பந்தங்களையும் சரிபார்த்துச் சொல்லும் பொறியாளர் ஒருவர், நம் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 71. இருவரும் நன்றாக நடமாடுகிறார்கள். ஒரே இடத்தில் விலைக்கும் தருகிறார்கள், டெபாசிட்டுக்கும் தருகிறார்கள், மாத வாடகைக்கும் விடுகிறார்கள். எதில் போவது ஐயா? (கும்பகோணம் வாசகி)

முதலில் வாடகைக்குப் போங்கள். அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மாதம் இருந்து பாருங்கள். தை மாதத்து வெயிலில் எந்த இடமும் அழகாகத்தான் இருக்கும்.

விலைக்கு வாங்கினால் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும். ஆனால் பல ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ளவர் அங்கே குடியிருக்க முடியாது. நாளைக்குப் பிள்ளைகள் கைக்கு வந்தால், அவர்கள் விற்கலாம் அல்லது வயதானவருக்கே வாடகைக்கு விடலாம். பூட்டிக் கிடந்தாலும் மாதப் பராமரிப்புத் தொகை ஓடிக்கொண்டே இருக்கும். மறுவிற்பனைக்கு நிர்வாகம் கட்டணம் பிடிக்குமா என்பதையும் படித்துப் பாருங்கள்.

டெபாசிட் முறையில் ஏமாறுவது ஒரே வரியில்தான்: “வேறு ஒருவர் குடிவந்த பின் தொகை திருப்பித் தரப்படும்.” வேறு ஒருவர் வராமலே போனால்? “காலி செய்த 90 நாளுக்குள்” என்று நாள் கணக்காக மாற்றி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த டெபாசிட் வேண்டாம். அது ஈடு ஏதுமில்லாமல் நீங்கள் கொடுக்கும் கடன்.

விற்பனைத் திட்டம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் இருந்தாலோ, 8 வீட்டுக்கு மேல் இருந்தாலோ, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. “இன்றைக்கே பாதி கட்டினால் தள்ளுபடி” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வயலை மனையாக்கிக் கட்டியிருக்கிறார்கள். என்ன பார்க்க வேண்டும்? (திருவாரூர்)

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் களிமண் நனைந்தால் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். கட்டடம் ஆழமான பைல் அஸ்திவாரத்தில் அசையாமல் நிற்கும். சுற்றியுள்ள நடைபாதை மட்டும் கொட்டிய மண்ணோடு சேர்ந்து இறங்கும். இரண்டும் சேரும் வாசலில் முக்கால் அங்குலப் படி ஒன்று தானாக உருவாகும். இளைஞன் கண்ணில் அது படாது, கைத்தடிக்காரரை அதுதான் விழவைக்கும். கட்டி முடித்து ஒரு கோடை, ஒரு மழைக்காலம் கண்ட கட்டடமா என்று கேளுங்கள். சாய்தளம் தரையைத் தொடும் இடத்தில் குனிந்து பாருங்கள்.

அடுத்தது வடிகால். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் கேட்டு, மனைக்குள் வாய்க்கால் போகிறதா என்று பாருங்கள். அதைத் தூர்த்திருந்தால் மழை வரும்போது தண்ணீர் பழைய வழியைத் தேடி வரும். பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே போதும், மேலாளர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

கடலோரப் பக்கம் என்றால் குழாய்த் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) சோதியுங்கள். குடிநீர் தரத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000 வரை.

ஜெனரேட்டர் இருக்கிறது என்கிறார்கள். அது போதுமா? (பட்டுக்கோட்டை)

2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பது உங்கள் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வராண்டா விளக்குக்கு மட்டுமா, லிப்ட், தண்ணீர் மோட்டார், அறைக்குள் ஒரு பிளக் பாயின்ட்டுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டருக்குச் சுமார் 300 முதல் 400 வாட் வேண்டும். டீசல் எத்தனை மணி நேரத்துக்குக் கையிருப்பு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

“24 மணி நேர நர்ஸ்” என்ற விளம்பரத்தை நம்பலாமா? (மயிலாடுதுறை)

இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் பணியில் இருப்பார்கள், எத்தனை வீட்டுக்கு என்று எண்ணாகக் கேளுங்கள். பக்கவாதத்துக்கு, மூளை ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் போட மாட்டார்கள். அதனால் பக்கத்துக் கிளினிக் எவ்வளவு தூரம் என்பதைவிட, ராத்திரியிலும் ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனை எத்தனை நிமிடம் என்பதே கணக்கு. லிப்டில் ஸ்ட்ரெச்சர் படுக்கை வாட்டில் நுழையுமா? குளியலறை அழைப்பு மணியின் கயிறு, தரையில் விழுந்து கிடப்பவர் கைக்கு எட்டுமா?

இன்னொன்று: “சுயமாக இயங்க முடியாதவர் வெளியேற வேண்டும்” என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். மறதி நோய் வந்தால் என்ன ஏற்பாடு என்பதை வாய்ச்சொல்லாக அல்ல, எழுத்தில் வாங்குங்கள். நடக்க முடிகிறவரை மட்டும் வைத்துக்கொள்ளும் இடத்துக்கு இத்தனை காசு எதற்கு?

நாங்கள் எங்கேயும் போவதாக இல்லை. பழைய வீட்டையே மாற்றிக்கொள்ளலாமா? (திருவையாறு)

தாராளமாக. உறவும் அக்கம்பக்கமும் இருந்தால் இதுவே என் முதல் சிபாரிசு. முதலில் கொல்லைக் கடைசியில் இருக்கும் கழிவறையை விட்டுவிட்டு, படுக்கும் அறையை ஒட்டிப் புதிதாக ஒன்று கட்டுங்கள். கதவு 3 அடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால், விழுந்தவரே கதவை அடைத்துக் கிடப்பார். இருக்கை உயரம் 45 முதல் 48 சென்டிமீட்டர்.

கைப்பிடியில்தான் தப்பு நடக்கும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் பிளாஸ்டிக் பிளக் நிற்காது, பிடித்து எழும்போது காரையோடு பெயர்ந்து வரும். சுவரை ஊடுருவித் துளைத்து, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்குங்கள். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நினைக்கவே வேண்டாம்.

வாசல் உயரம் ஒன்றரை அடி என்றால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு. இடம் போதாதென்று செங்குத்தாகப் போட்டால் படியே மேல். ரேழியின் நிலைப்படியைச் செதுக்க மனமில்லை என்றால் இரு பக்கமும் சரிவுப் பலகை, ஓரத்தில் மஞ்சள் பெயின்ட்.

மன்னார்குடி வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிட்டு, குடியிருப்புச் செலவை அவளிடமே விடலாமா?

எழுதுங்கள். ஆனால் “எங்களைப் பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனை பத்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007, பிரிவு 23-இன் கீழ், நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நிபந்தனை எழுதாத பத்திரத்தில் வழக்கு கஷ்டம். மகள் மேல் சந்தேகமா என்று யாராவது கேட்டால், வக்கீல் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். உதவிக்கு முதியோர் உதவி எண் 14567.

மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைக்கிறது. எடுக்கலாமா? (சிங்கப்பூரிலிருந்து மகன்)

அடுத்த மகாமகம் 2028-இல். அந்த நாட்களில் அந்தத் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், ஆட்டோவில் பத்து நிமிடத்தில் குளத்துக்கு வந்து சேரும்படி, அகலமான சாலையில் ஓர் இடம் பாருங்கள்.