காசு போனதா, போகவில்லையா?

திருகோணமலையில் இருந்துகொண்டு இணைய மென்பொருள் எழுதுகிறவன் நான். கொடுக்கல் வாங்கல் பல சர்வர்களைக் கடந்து போகும்போது எங்கே பிசகும் என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

நிலாவெளியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் அக்கா: தம்பி, போன கிழமை ஒருவர் எங்கள் தளத்தில் அறைக்குக் காசு கட்டினார். சுற்றிக்கொண்டே இருந்து "முடியவில்லை" என்று வந்ததாம். திரும்ப அழுத்தியிருக்கிறார். கார்டில் இரண்டு தரம் கழிந்துவிட்டது. யார் பிழை?

தளத்தை எழுதியவரின் பிழை அக்கா, அந்த மனுசன் பாவம். உங்கள் தளம் கட்டணச் சேவையிடம் "இவ்வளவு எடு" என்று கேட்டுவிட்டு, சும்மா ஒரு கணக்குக்கு 30 விநாடி என்று வையுங்கள், காத்திருக்கும். பதில் வராவிட்டால் "முடியவில்லை" என்று போட்டுவிடும். ஆனால் பதில் ஏன் வரவில்லை? கேட்டதே போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்தும் வேலை நடக்காமல் இருக்கலாம். காசு கழிந்த பிறகு "சரி" என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரித்தான். அதனால் தளம் காட்டியிருக்க வேண்டியது "இன்னும் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறோம்" என்பதை.

இதற்கு மருந்து ஒரு குறிப்பு எண். புக்கிங் பக்கம் திறக்கும்போதே ஓர் எண் போட்டு, ஒவ்வொரு முயற்சியிலும் அதே எண்ணை அனுப்ப வேண்டும். 4417 என்ற எண்ணில் ஏற்கெனவே காசு எடுத்தாயிற்று என்றால், கட்டணச் சேவை மறுபடி எடுக்காமல் பழைய பதிலையே திருப்பித் தரும். நானும் ஒருமுறை இதில் சறுக்கினேன். எண்ணைப் பொத்தான் அழுத்தும்போது உருவாக்கும்படி எழுதிவிட்டேன். இரண்டு தரம் அழுத்தினால் இரண்டு எண், இரண்டு தரம் காசு! எண் இருந்தும் பயனில்லை.

கோணேசபுரி வளாக மாணவி: அண்ணா, இரண்டு கட்ட உறுதிப்படுத்தல் என்று படிக்கிறோம்: முதலில் எல்லாரிடமும் "தயாரா?" என்று கேட்டு, எல்லாரும் "தயார்" என்றால் மட்டும் "முடி" என்று சொல்வது. அதைப் போட்டால் தீராதா?

தீரும் தங்கச்சி, எல்லாச் சர்வரும் ஒரே வீட்டுக்குள், அதாவது ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால். கணினி விஞ்ஞானி ஜிம் கிரே 1978இலேயே அதை விளக்கி எழுதிவிட்டார். (2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து தனியாகப் பாய்மரப் படகில் போனவர், திரும்பவில்லை. துறைமுக ஊர்க்காரனுக்கு அந்தச் செய்தி மறக்காது.)

நிலாவெளியில் அறை, புறாத்தீவுக்குப் படகு, இரண்டும் சேர்ந்து வேண்டும் என்று வை. ஒருங்கிணைப்பாளர் என்ற நிரல் இரண்டு பக்கத்திடமும் "தயாரா?" என்று கேட்கும். இரண்டும் "தயார்" என்று சொல்லி இடத்தைப் பூட்டி வைக்கும். அந்த நேரம் பார்த்து ஒருங்கிணைப்பாளர் விழுந்தால்? அறையை வேறு ஆளுக்கு விற்கவும் ஏலாது, தானாக விடுவிக்கவும் ஏலாது. வாக்குக் கொடுத்தாயிற்று. படகுக்காரர் தன் இருக்கையை உன் சர்வர் எழும்பும்வரை பூட்டி வைப்பாரா?

அதனால் இணையத்தில் பெரும்பாலும் "சாகா" முறைதான். ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் 1987இல் சொன்னது. ஒவ்வொரு படியையும் தனித்தனியாக முடி. பின்னால் ஒன்று பிசகினால், முன்னையதை ஈடுசெய்யும் எதிர்ப்படியைச் செய்: படகு கிடைக்கவில்லையா, அறையை ரத்துச் செய், காசைத் திருப்பு. குறை என்னவென்றால், இடையில் வந்து பார்ப்பவருக்கு அறை நிரம்பியதாகவே தெரியும். அப்புறம், திருப்ப முடியாத வேலையைக் கடைசியில் வை. போன எஸ்எம்எஸ்ஸைத் திரும்பப் பிடிக்க முடியாது.

கிண்ணியா, மீன் மொத்த வியாபாரி: ஓடர் எங்கள் டேட்டாபேஸில் பதிவாகிறது. ஆனால் லொறிக்காரரின் செயலிக்குச் செய்தி சில நேரம் போவதில்லை.

பதிவுக்கும் செய்திக்கும் நடுவில் சர்வர் நின்றுபோகிறது. செய்தியை நேரே அனுப்பாதீர்கள். ஓடரையும் "அனுப்ப வேண்டிய செய்தி" என்ற வரியையும் ஒரே பரிவர்த்தனையில் டேட்டாபேஸில் எழுதுங்கள். இரண்டும் பதியும், அல்லது இரண்டும் பதியாது. வேறொரு சின்ன நிரல் அந்த வரிகளைப் பார்த்து, போய்ச் சேரும்வரை அனுப்பட்டும். சில செய்தி இரண்டு தரம் போகும். லொறிப் பக்கமும் ஓடர் எண்ணைப் பார்த்து இரண்டாவதைத் தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மீனுக்கு இரண்டு லொறி வந்து நிற்கும்.

உவர்மலையில் இருந்து ஒருவர்: பிளாக்செயின் போட்டால் சரிவருமா?

ஒருவரை ஒருவர் நம்பாத பலர் சேர்ந்து வைக்கும் கணக்குப் புத்தகம் அது. உங்கள் சர்வர்களை நீங்களே நம்பாவிட்டால் யோசிக்கலாம். இதற்குத் தேவையில்லை.

அதே மாணவி: "மூன்றில் இரண்டுதான் கிடைக்கும்" என்ற கேப் தேற்றம்?

எல்லாச் சர்வரும் ஒரே சரியான பதிலைச் சொல்வது, எப்போதும் பதில் கிடைப்பது, சர்வர்களுக்கு நடுவே இணைப்பு அறுந்தாலும் ஓடுவது: இவைதான் அந்த மூன்று. கணினி விஞ்ஞானி எரிக் புரூவர் 2000இல் சொன்னார், 2002இல் கில்பர்ட்டும் லிஞ்சும் நிறுவினார்கள். ஆனால் "மூன்றில் இரண்டு" என்று மனப்பாடம் செய்யாதே. இணைப்பு அறுவதை நீ தேர்ந்தெடுப்பதில்லை, அது தானாக நடக்கும். அறுந்த நேரத்தில் பிழையான பதில் சொல்வதா, பதிலே சொல்லாமல் விடுவதா என்பதுதான் கேள்வி. ஓகஸ்ட் சீசனில் மிஞ்சிய கடைசி அறை என்றால் நான் விற்க மறுப்பேன். அறையின் படம் என்றால் நேற்றையதைக் காட்டினாலும் குடி முழுகாது.

நிலாவெளி அக்கா மறுபடியும்: அதெல்லாம் சரி தம்பி, அந்த மனுசனின் காசு?

கட்டணச் சேவையின் அன்றைய பட்டியலை இறக்கி, உங்கள் புக்கிங் பட்டியலுக்குப் பக்கத்தில் வையுங்கள். அங்கே இருக்கிற, இங்கே இல்லாத வரிதான் அவருடைய இரண்டாவது காசு. இன்றே திருப்பிவிடுங்கள். தளம் எழுதியவரிடம், இந்த ஒப்பீட்டைத் தினமும் விடிய நான்கு மணிக்குத் தானாக ஓடவிடச் சொல்லுங்கள்.