ஒரு பஸ், ஐந்து அலுவலகம்: மலையூர்க்காரர் எங்கே மனு கொடுப்பது?

கேள்வி: சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர் எங்களுடையது. சேலம் அரசு மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ போக வேண்டுமானால் ஏற்காட்டுக்கு வந்து பஸ் மாற வேண்டும். குப்பனூர் வழியாக நேரே ஒரு பஸ் விட்டால் போதும். ஊராட்சியில் கேட்டால் போக்குவரத்துக் கழகத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். கழகத்தில் கேட்டால் சாலை சரியில்லை என்கிறார்கள். சாலையைப் பற்றிக் கேட்டால், பாதி ஒன்றியத்துக்குச் சொந்தம், பாதி வனத்துறைக்குச் சொந்தம் என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன், அங்கே அக்கம்பக்கத்து ஊர் நிர்வாகங்கள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து போக்குவரத்துத் திட்டம் போடுவதாகச் சொல்கிறான். இங்கே அப்படி ஏதும் உண்டா? நான் யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?

பதில்: உங்களை அலையவிட்ட மூன்று பேரும் பொய் சொல்லவில்லை ஐயா. ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் நின்று சரியாகத்தான் பேசுகிறார்கள். உங்கள் பஸ்தான் எந்த ஒருவருடைய எல்லைக்குள்ளும் அடங்கவில்லை.

அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 இனங்களைப் பட்டியலிடுகிறது. சாலையும் பாலமும் அதில் உண்டு. தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம் ஆகியவையும் உண்டு. ஊராட்சிகளுக்கான 11ஆவது அட்டவணையின் 29 இனங்களிலும் சாலை, சிறுபாலம், படகுத்துறை வரை வருகின்றன. இரண்டு பட்டியலிலும் பஸ் ஓட்டும் வேலை இல்லை. அது மாநில அரசின் கழகத்திடம் இருக்கிறது. உங்கள் பகுதிக்கு அது சேலம் கோட்டம், முன்பு அண்ணா போக்குவரத்துக் கழகம் என்று பெயர்பெற்றிருந்ததுதான். பர்மிட் கொடுப்பது, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அமைந்த வட்டாரப் போக்குவரத்து ஆணையம். இலை போடுகிறவர் ஒருவர், பரிமாறுகிறவர் வேறொருவர், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே இல்லை என்றால் பந்தி எப்படி நடக்குமோ அப்படித்தான் நடக்கிறது. நிழற்குடை கட்டப்பட்டு, திறப்பு விழாக் கல்வெட்டும் பதிக்கப்பட்டு, பஸ் மட்டும் நிற்காத இடங்கள் நம் மாவட்டத்தில் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

உங்கள் தங்கை மகன் சொன்னது உண்மை, ஆனால் பாதிதான். 1962ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் அங்கே ஒரு நிபந்தனை போட்டது: 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்புறங்களில், உள்ளூர் அரசுகளும் மாநிலமும் ஒத்துழைத்து, விடாமல், எல்லாவற்றையும் உள்ளடக்கித் திட்டமிட வேண்டும், இல்லாவிட்டால் மத்திய அரசின் சாலைப் பணம் வராது. அதற்காக அமைந்தவைதான் பெருநகரத் திட்ட அமைப்புகள். மேயர்களும் வட்டார நிர்வாகங்களின் பிரதிநிதிகளும் அவற்றின் குழுவில் உட்காருகிறார்கள். குறைந்தது 20 ஆண்டுகளுக்கான நெடுநோக்குத் திட்டம் ஒன்றும், அடுத்த 4 ஆண்டுகளில் எந்த வேலைக்கு எவ்வளவு பணம் என்ற பட்டியல் ஒன்றும் போட வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத வேலைக்கு மத்திய நிதி கிடையாது. பாசத்தால் யாரும் அங்கே சேர்ந்து உட்காரவில்லை. பணப்பெட்டியின் சாவி அந்த மேசையில் இருக்கிறது, அதனால் உட்காருகிறார்கள்.

இன்னொன்றையும் மருமகனிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் அங்கே இருந்திருந்தால் அந்த மேசையில் அதற்கு இடம் இருந்திருக்குமா? பெரும்பாலும் இருந்திருக்காது. நகர்ப்புறத்துக்கு வெளியே உள்ள ஊர்களுக்கு மாநில அரசே திட்டமிடுகிறது, உள்ளூர் நிர்வாகங்களைக் கலந்துகொண்டு. கிராமப்புறங்களுக்கென வட்டாரத் திட்ட அமைப்புகளை ஏற்படுத்தலாம் என்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால் அது மாநிலத்தின் விருப்பம், கட்டாயம் அல்ல. மலையூரின் குரல் கீழே கேட்காமல் போவது நமக்கு மட்டும் வாய்த்த குறை அல்ல.

இனி இங்கே வருவோம். ஒன்றாக உட்காரும் இடம் காகிதத்தில் நமக்கும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 243இசட்டி பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் திட்டக் குழு அமைய வேண்டும். ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களை அது ஒருங்கிணைக்க வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவான விஷயங்களை, குறிப்பாக நிலப்பயன்பாட்டையும் உள்கட்டமைப்பின் ஒருங்கிணைந்த வளர்ச்சியையும், அது கவனத்தில் கொள்ள வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினரை மாவட்ட ஊராட்சி, நகர்ப்புற மன்றங்களின் உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் குழுவின் தலைவர், மாவட்ட ஆட்சியர் துணைத் தலைவர்.

20 ஒன்றியங்களும் 385 ஊராட்சிகளும் கொண்ட சேலம் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான மேசை கிடையாது. ஆனால் அந்த மேசையில் சாவி இல்லை. குழு ஒப்புக்கொள்ளாத சாலைக்குப் பணம் கிடையாது என்று எந்தத் துறையையும் அது கட்டுப்படுத்த முடியாது. போதாக்குறைக்கு, 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. கிராமத்தின் பக்கத்து நாற்காலிகள் காலியாக இருக்கும் குழுவில் கிராமத்து பஸ்ஸைப் பற்றி யார் பேசுவது? ஆகவே இந்தக் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பெருநகரத் திட்டக் குழு என்ற இன்னொரு ஏற்பாடும் சட்டத்தில் உண்டு. அது 10 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள பெருநகரப் பகுதிக்கு. 2011 கணக்கெடுப்பில் சேலம் நகரமும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்தே 9 லட்சத்தைச் சற்றே தாண்டி நின்றுவிட்டன. சென்னைக்கென்று ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் இருக்கிறதே என்பீர்கள். அதற்கான சட்டம் 2010இல் வந்தது, முதல் கூட்டம் நடந்தது 2022இல். சேலத்துக்கு அப்படி ஒன்று வரும்வரை உங்கள் ஊர்ப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகாமல் இருக்க முடியாது.

பிறகு எங்கேதான் இந்த இழைகளெல்லாம் ஒன்று சேர்கின்றன? ஆட்சியரின் மேசையில். நம் மாநிலத்தில் வட்டாரப் போக்குவரத்து ஆணையமாக இருப்பவர் மாவட்ட ஆட்சியர். அதன் அன்றாட வேலையை வட்டாரப் போக்குவரத்து அலுவலர் பார்க்கிறார். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரும் ஆட்சியரே. நெடுஞ்சாலைத் துறை, காவல்துறை, போக்குவரத்துக் கழகம், உள்ளாட்சி எல்லாவற்றின் அதிகாரிகளையும் ஒரே அறைக்குக் கூப்பிடக்கூடியவர் மாவட்டத்தில் அவர் ஒருவர்தான். மக்களாட்சி முறைக்கு இது பெருமை சேர்க்கும் ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இன்றைக்கு உங்களுக்கு வேண்டியது பஸ்.

அதனால் என் யோசனை இது. மேலே யாரும் கூட்டுத் திட்டம் போடாவிட்டால் நீங்களே கீழிருந்து ஒன்று போடுங்கள். ஒரே ஒரு தாள் போதும். உங்கள் ஊரிலிருந்து சேலம் வரையுள்ள வழித்தடத்தைத் துண்டு துண்டாக எழுதுங்கள். எந்தத் துண்டு ஊராட்சிச் சாலை, எது ஒன்றியச் சாலை, எங்கே காடு தொடங்குகிறது, எந்த இடத்திலிருந்து நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு, எங்கே மாநகராட்சி எல்லை என்று குறியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், மிகக் குறுகிய இடத்தின் அகலம், கடினமான வளைவுகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றியப் பொறியாளர் அலுவலகத்தில் சாலைப் பதிவேடு இருக்கும். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இந்தத் தாள் கையில் இருந்தால் ‘அது எங்களுடையது அல்ல’ என்ற பதிலுக்கு வேலையில்லை. யாருடையது என்பதை நீங்களே எழுதிவைத்திருக்கிறீர்கள்.

அடுத்து, அந்தத் தாளையே இணைத்து, ஒரே வாசகத்தில், வழியிலுள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராமசபைத் தீர்மானம் வாங்க வேண்டும். உங்கள் ஊராட்சி மட்டும் போதாது. மலையடிவாரத்தில் குப்பனூர்ப் பக்கம் அயோத்தியாப்பட்டணம் ஒன்றியத்துக்கு உட்பட்டது; அங்குள்ளவர்களுக்கும் இந்த பஸ்ஸால் பயன் உண்டு, அவர்களும் கேட்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாட்கள் கிராமசபை கூடுகிறது. தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் கிராமசபை கிராமசபைதான். இரண்டு ஒன்றியங்களில் ஒரே நாளில் ஒரே வாசகம் நிறைவேறியிருந்தால் அதை ஒரு தனி ஊரின் புலம்பல் என்று ஒதுக்க முடியாது. உள்ளாட்சிகள் சேர்ந்து கூட்டுக் குழு அமைத்துக்கொள்ள 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமும் இடம் தருகிறது. ஆனால் ஒரு பஸ்ஸுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரே வாசகத் தீர்மானம் அந்த வேலையைச் செய்துவிடும். மாநகராட்சியின் பங்கு சிறியது: பஸ் நிலையம் அவர்களுடையது. பழைய பஸ் நிலையத்தில் நிற்க வேண்டுமா, புதிய பஸ் நிலையத்திலா என்பதை மட்டும் மாமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகப் பேசிவையுங்கள்.

என்ன கேட்பது என்பதில்தான் பல மனுக்கள் கவிழ்கின்றன. ‘புதிய பஸ் வேண்டும்’ என்று எழுதாதீர்கள். புதிய பஸ் என்றால் வண்டி, ஓட்டுநர், நடத்துநர், டீசல், அதன் நட்டம் எல்லாம் கழகத்தின் கணக்கில் ஏறும். இப்போது ஏற்காட்டுக்கு வந்து திரும்பும் பஸ்களில் ஒன்றின் ஒரு நடையை மட்டும் உங்கள் ஊர் வரை நீட்டி, குப்பனூர் வழியாகக் கீழே அனுப்பக் கேளுங்கள். தட நீட்டிப்பை மேலாளர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள். அதிலும் காலை நடை ஒன்று, மாலை நடை ஒன்று என்று நேரத்தோடு எழுதுங்கள். மருத்துவமனையில் புறநோயாளிகள் சீட்டு வாங்கும் நேரம் எது, கல்லூரி மணி எப்போது அடிக்கிறது, எத்தனை பேர் ஏறுவார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எண்ணிக்கை போடுங்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்பதுதான் பணிமனையில் பேசும் மொழி.

காலை முதல் நடைக்கு பஸ் உங்கள் ஊரில் இரவு தங்க வேண்டியிருக்கும். ஊராட்சி உண்மையிலேயே எதையாவது கொடுக்கக்கூடிய இடம் இதுதான். ஓட்டுநரும் நடத்துநரும் படுக்க ஓர் அறை, கழிவறை, தண்ணீர், பஸ் நிற்கவும் திரும்பவும் ஒரு களம். 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், துப்புரவுக்கென்று கட்டுப்பட்டிருந்தது. மீதி 40 விழுக்காடு உள்ளூர்த் தேவைக்கு. அப்படிப்பட்ட நிதியில் இவ்வளவும் செய்ய முடியும். ‘அறை தயார், களம் தயார்’ என்று தீர்மானத்திலேயே எழுதிக் கொடுத்தால், நீங்கள் கெஞ்சுகிற ஊராக இல்லாமல் பங்கு போடுகிற ஊராக ஆகிவிடுவீர்கள்.

காட்டுத் துண்டுக்கு வருகிறேன். வன உரிமைச் சட்டம், 2006இன் 3(2) பிரிவு, சாலை உள்ளிட்ட 13 வகைப் பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக வன நிலம் ஒதுக்க வழிசெய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராமசபையின் பரிந்துரை வேண்டும், அரசு பராமரிக்கும் வசதியாக இருக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 5 மீட்டர் அகலச் சாலை என்றால் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளம் அதில் அடங்கும். உங்கள் காட்டுத் துண்டு அதைவிடக் குறைவு என்றால் மாவட்ட வன அலுவலரிடம் இந்தப் பிரிவின்கீழ் விண்ணப்பியுங்கள். ஆனால் சாலையை அகலப்படுத்திய பிறகுதான் பஸ் என்று நீங்களாக வரிசை கட்டிக்கொள்ளாதீர்கள். இருக்கிற சாலையில் போகக்கூடிய வண்டி எது என்று முதலில் கேளுங்கள். மலைத்தடங்களுக்கென்று நீளம் குறைந்த பஸ்கள் உண்டு.

மினி பஸ்ஸைப் பற்றியும் சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 1997இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2025இல் புதுப்பிக்கப்பட்டது. தடம் 25 கிலோமீட்டருக்கு மேற்படக் கூடாது. அதில் குறைந்தது 65 விழுக்காடு பஸ் வசதி இல்லாத பகுதியாக இருக்க வேண்டும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே மட்டுமே சுமார் 30 கிலோமீட்டர் என்பதால் உங்கள் ஊரிலிருந்து சேலத்துக்கு அது நேரடித் தீர்வு ஆகாது. சிற்றூர்களைக் குப்பனூர்ச் சாலையோடு இணைக்க உதவும். கழகம் கைவிரித்தால் இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவில் ஒரு பத்தி 2024 டிசம்பரைப் பற்றி இருக்கட்டும். ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த ஒரே பாதையை நம்பி பஸ்களை ஓட்டுவது சரியா என்று சாலைப் பாதுகாப்புக் குழுவையே கேளுங்கள். உங்கள் ஊரின் வசதியாக இருந்த விஷயம் அப்போது மாவட்டத்தின் தேவையாகத் தெரியும்.

இவை எல்லாவற்றையும் கட்டி, ஒரு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். மனு எண்ணை வாங்குங்கள். கேட்க வேண்டியது ‘பஸ்’ அல்ல, ‘கூட்டுத் தட ஆய்வு’: போக்குவரத்துக் கழகம், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், நெடுஞ்சாலை, ஒன்றியப் பொறியாளர், வனத்துறை, காவல்துறை ஆகியோர் ஒரே நாளில் வந்து தடத்தைப் பார்க்க வேண்டும். தனித்தனியாக வந்தால் தனித்தனியாகக் கைகாட்டிவிட்டுப் போவார்கள். அன்று நீங்களும் உடன் செல்லுங்கள், கையில் அளவு நாடாவோடு. ‘சாலை தகுதியற்றது’ என்று யாராவது ஒரு வரியில் எழுதப் போனால், எந்த வளைவு, எத்தனை மீட்டர் குறைகிறது, சரிசெய்வது எந்தத் துறை என்று அறிக்கையிலேயே குறிக்கச் சொல்லுங்கள். மொட்டையாக எழுதிய மறுப்பை வைத்து அடுத்த மனு எழுத முடியாது. மீட்டர் கணக்கு இருந்தால் ஒன்றியப் பொறியாளர் அதை மதிப்பீடாக்கி அடுத்த ஆண்டு வேலைப் பட்டியலில் சேர்க்க முடியும்.