கேள்வி பதில்: கனடாவின் பூர்வகுடிப் பிள்ளைகளும் முடியாத இழுபறியும்

கேள்வி (ஸ்காபரோ): அரசுப் பராமரிப்பில் பூர்வகுடிப் பிள்ளைகள் எவ்வளவு பேர்?

பதில்: 2021 கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் அவர்கள் 7.7 விழுக்காடு, வளர்ப்பு வீடுகளில் இருக்கும் அதே வயதினரில் 53.8 விழுக்காடு.

கேள்வி (மதுரை): பெற்றோர் கவனிக்காததால்தானே பிரிக்கிறார்கள்?

பதில்: கோப்பில் ‘புறக்கணிப்பு’ என்றிருந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் அதன் அடியில் கிடப்பது வறுமையும் நெரிசலான வீடும்தான். பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகளில் இயங்கிய சிறுவர் நல முகமைகளுக்கு மத்திய அரசு பணம் கொடுத்த முறையைப் பாருங்கள்: பிள்ளையைப் பிரித்து வளர்ப்பு வீட்டில் விட்டால் ஆன செலவு முழுவதும் திரும்பக் கிடைக்கும், பிரிக்காமல் குடும்பத்தைத் தாங்கிப் பிடிப்பதற்கோ அளந்து வைத்த சிறு தொகைதான். படுக்கையறைச் சுவரில் பூஞ்சை படர்ந்திருந்தால், சுவரைச் சரிசெய்யப் பணம் இருக்காது. அந்த அறையில் உறங்கும் பிள்ளையை வேறு வீட்டில் வைத்துப் பார்க்கப் பணம் இருக்கும். பூர்வகுடிப் பிள்ளைகளின் நலனுக்காகப் போராடும் சிண்டி பிளாக்ஸ்டாக்கின் அமைப்பும், பூர்வகுடித் தலைவர்களின் அமைப்பான பூர்வகுடிகள் பேரவையும் 2007இல் அளித்த புகாரின்மீது, இது இனப் பாகுபாடே என்று கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

கேள்வி (கோவை): தீர்ப்பு வந்த பிறகும் ஏன் தாமதம்?

பதில்: தீர்ப்பை ஏற்பதாகச் சொன்ன அரசுமீதே, அதற்கு இணங்கவில்லை என்று தீர்ப்பாயம் மீண்டும் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் தலா 40,000 டாலர் தரச் சொன்ன 2019 உத்தரவை எதிர்த்தும் அரசு நீதிமன்றம் போனது, 2021இல் தோற்றது.

கேள்வி (யாழ்ப்பாணம்): சிறுவர் நலச் சேவையைச் சீர்திருத்த அரசு முன்வைத்த 4,780 கோடி டாலர் பத்தாண்டுத் திட்டத்தை 2024இல் பூர்வகுடித் தலைவர்களே நிராகரித்தார்கள். இப்போது இழுத்தடிப்பது யார்?

பதில்: நல்ல கேள்வி. கல்கரியில் நடந்த தலைவர்கள் கூட்டத்தில் எதிர்த்து 267, ஆதரித்து 147 என்று வாக்கு விழுந்தது. பத்தாண்டுக்குப் பிறகு பணத்துக்கு என்ன உறுதி, தீர்ப்பாயத்தின் கண்காணிப்பு போய்விட்டால் அரசை யார் தட்டிக் கேட்பது என்பவையே எதிர்த்தவர்களின் முக்கியக் கவலைகள்.

கேள்வி (யாழ்ப்பாணம், மீண்டும்): கையில் வந்ததை வாங்கிக்கொண்டு மிச்சத்துக்குப் போராடியிருக்கலாமே?

பதில்: ஆதரித்து வாக்களித்த 147 பேரின் வாதம் ஏறக்குறைய அதுதான், அதை எளிதில் தள்ளிவிட முடியாது. புகார் அளித்தபோது மூன்று வயதாயிருந்த பிள்ளைக்கு, வாக்கெடுப்பின்போது 20 வயது. ஆயினும் தீர்ப்பு கையில் இருந்தபோதே இணங்காத அரசிடம், அந்தப் பிடியையும் விட்டுவிட்டு வெறும் ஒப்பந்தத்தை நம்பச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி (சேலம்): பெற்றோரின் குடிப்பழக்கம்தானே காரணம்?

பதில்: மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். ‘புறக்கணிப்பு’ என்ற சொல்லைப் பற்றி மறுபடி எழுத மாட்டேன்.

கேள்வி (பிரம்டன்): எங்கள் உறவினர் வீட்டுக்குச் சிறுவர் நல அலுவலர் வந்திருக்கிறார். என்ன செய்வது?

பதில்: இங்கே விவரம் எழுதாதீர்கள். இன்றே சட்ட உதவி அலுவலகத்தை அழைத்து, குடும்பச் சட்ட வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள்.