எல்லாத்துக்கும் ‘ஷாக்டு’ சொல்லலாமா? வெளிநாட்டு விருந்தாளிகிட்ட ஆச்சரியமும் வருத்தமும் காட்டுறது எப்படி

கேள்வி: அக்கா, நான் கானாடுகாத்தான்ல ஒரு செட்டிநாட்டு வீட்டு ஹோட்டல்ல ரிசப்ஷன்ல இருக்கேன். சாதாரணமா இங்கிலீஷ்ல சமாளிச்சிடுவேன், ஆனா கெஸ்ட் திடீர்னு ஒரு ஆச்சரியமான விஷயமோ கஷ்டமோ சொன்னா ‘ஓ மை காட்’, ‘ஐ அம் ஷாக்டு’ ரெண்டத் தவிர வாயில எதுவும் வரல. போன வாரம் ஒரு அம்மா, பத்து வருஷம் கழிச்சு மறுபடி உங்க ஊருக்கு வந்திருக்கேன்னு சந்தோஷமா சொன்னாங்க. நான் ‘ஐ அம் ஷாக்டு’ன்னேன், அவங்க முகமே மாறிப்போச்சு. என்ன தப்பு?

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த ஷாக்கப் பாத்துடுவோம், காரைக்குடில நான் எடுக்குற ஸ்போக்கன் இங்கிலீஷ் க்ளாஸ்ல அதிகமா திருத்துறது இதத்தான். நம்ம பேச்சுல பொண்ணுக்கு நல்ல எடம் அமைஞ்சாலும் ஷாக், கரண்ட் பில்லப் பாத்தாலும் ஷாக். இங்கிலீஷ்காரங்களுக்கு ஷாக்டுன்னா பெரும்பாலும் கெட்ட சேதி கேட்டு மனசு ஆடிப்போறது, அதனால அந்தம்மா காதுல ‘நீங்க ஏன் திரும்பி வந்தீங்க’ன்னு கேட்ட மாதிரி விழுந்திருக்கும். அங்க ‘வாட் அ லவ்லி சர்ப்ரைஸ்!’னு சொல்லிருந்தா அவங்க குளிர்ந்துபோயிருப்பாங்க. சர்ப்ரைஸ்டு நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒத்துவரும், அதவிட பெரிய ஆச்சரியம்னா அமேஸ்டு. அப்பால்டுன்னு ஒன்னு இருக்கு, அது இப்படியும் செய்வாங்களான்னு கோபமும் வெறுப்பும் சேர்ந்தது, கெஸ்ட்கிட்ட நீங்க அதச் சொல்ற நெலம வரவே வேண்டாம்.

இதுல இன்னொரு வழுக்கல் இருக்கு, நல்லா படிச்சவங்களே விழுறாங்க. ‘ஐ அம் டிஸப்பாயிண்டிங்’னு சொல்லிடுவாங்க, அதுக்கு ‘என்னைப் பாத்தா எல்லாருக்கும் ஏமாற்றமா இருக்கும்’னு அர்த்தம் ஆயிடும்! நமக்குள்ள வர்ற உணர்ச்சின்னா டிஸப்பாயிண்டட், சர்ப்ரைஸ்டு. நமக்கு அந்த உணர்ச்சிய உண்டாக்குற சங்கதிதான் டிஸப்பாயிண்டிங், சர்ப்ரைஸிங்.

‘ஓ மை காட்’ தப்பில்ல, ஆனா பக்தியுள்ள கிறிஸ்தவங்க சிலபேர் கடவுள் பேர சும்மா சும்மா இழுக்குறத விரும்பமாட்டாங்க, அதனால ‘ஓ மை குட்னஸ்’னு பழகிக்கங்க, யாருக்கும் உறுத்தாது. ஆச்சரியத்துக்கு ‘காஷ்’னும் (gosh) சொல்வாங்க, அந்த வார்த்தையே காட்னு சொல்லாம தப்பிக்க வந்ததுதான். நம்ம பசங்க வாட்ஸ்அப்ல அடிக்கிற ஓஎம்ஜி இருக்கே, அத 1917லயே பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ஃபிஷர், சர்ச்சிலுக்கு எழுதுன லெட்டர்ல எழுதியிருக்காரு!

அடுத்து ராகம், இதுக்கு நீங்க தனியா நேரம் ஒதுக்கணும். கெஸ்ட் ஒருத்தர் பட்டாலைல, அதான் நம்ம வீட்டு ஹால்ல நின்னு, எங்க தாத்தா பர்மால வேலை பாத்தாருன்னு சொல்றாருன்னு வைங்க. நீங்க ‘ரியலி?’னு குரல ஏத்தி முடிச்சா, அப்படியா மேல சொல்லுங்கன்னு அர்த்தம். அதே ரியலிய தட்டையா எறக்கி முடிச்சா, நம்பலங்கிற மாதிரியோ சலிச்சுக்குற மாதிரியோ கேக்கும். ‘வாட்!’னு வெட்டுறது வேணவே வேணாம், ‘நோ வே’, ‘ஆர் யூ கிட்டிங்’ எல்லாம் சோட்டுப் பசங்களுக்குள்ள வச்சுக்கலாம்.

இப்ப வருத்தம். கெஸ்ட் காலைல பல்லவன் எக்ஸ்பிரஸ விட்டுட்டு மூட்டை முடிச்சோட முகப்புல திரும்ப வந்து நிக்கிறாருன்னா ‘ஓ நோ, ஐ அம் சோ சாரி டு ஹியர் தட்’னு ஆரம்பிங்க. நாம என்ன தப்பு பண்ணோம் எதுக்கு சாரின்னு நெறைய பேர் கேக்குறாங்க, இது மன்னிப்பு இல்லம்மா, உங்க கஷ்டம் எனக்கும் வருத்தமா இருக்குன்னு சொல்றது. அதோட நிறுத்தாம ‘லெட் மீ ஸீ வாட் ஐ கேன் டூ’ன்னு சேத்துக்கங்க, அவருக்கு வேண்டியது அதுதான். துக்க சேதின்னா ‘ஐ அம் ஸோ சாரி ஃபார் யுவர் லாஸ்’, அதுக்கு மேல பேச வேண்டாம். க்ராமர் புக்ல ஆச்சரியக்குறி போட்டு நாம எல்லாரும் உருப்போட்ட ‘அலாஸ்’ இப்ப யாரும் பேச்சுல சொல்றதில்ல, நாடகத்துல வந்து நிக்கிற மாதிரி இருக்கும்.

அவங்க சொல்றதப் புரிஞ்சிக்கிறதும் பாதி வேலை. மழை வந்து ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்குப் போக முடியலன்னா ‘வாட் அ ஷேம்’னு சொல்வாங்க, உங்கள வெக்கமில்லையான்னு கேக்கல, அடடா போச்சேன்னு சொல்றாங்க. ஆஃபுல், ஆசம் ரெண்டும் காதுக்கு கிட்டக்கிட்ட இருக்கும், ஆசம்னா பிரமாதம், ஆஃபுல்னா படுமோசம், குழப்பிட்டு ஆஃபுலுக்கு தேங்க்யூ சொல்லிடாதீங்க. முக்கியமா பிரிட்டிஷ்காரங்க பாதிப்பேர் வருத்தத்த சுருக்கித்தான் சொல்வாங்க. ‘ஐ அம் அ லிட்டில் டிஸப்பாயிண்டட் வித் த ரூம்’னு சிரிச்சுக்கிட்டே சொன்னா கொஞ்சூண்டுதானேன்னு விட்டுடாதீங்க, நல்லாவே மனசு கசந்திருக்காருன்னு எடுத்துக்கிட்டு உடனே மேனேஜர்கிட்ட சொல்லி ரூம மாத்தப் பாருங்க.

ஊப்ஸ் சின்ன கைத்தவறுக்கு மட்டும். உங்க பேனா கீழ விழுந்தா ஊப்ஸ், கெஸ்ட் சட்டைல சாம்பார் கொட்டிட்டா ‘ஓ, ஐ அம் சோ சாரி’தான்.

அப்புறம் ஐயோன்னு வாய் தவறி வந்துட்டா கூசிப்போகாதீங்க, 2016ல ஆக்ஸ்ஃபோர்ட் டிக்ஷனரியே அத சேத்துக்கிச்சு. ஆனா ஈரமான டைல்ஸ்ல கெஸ்ட் லேசா வழுக்குனதுக்கு வளவு (உள்முற்றம்) முழுக்க கேக்குற மாதிரி ஐயோன்னு அலறுனா விழுந்தத விட அந்தச் சத்தத்துக்குத்தான் அதிகமா பயப்படுவாரு. பக்கத்துல போய், மெதுவா ‘ஆர் யூ ஆல்ரைட்?’னு கேளுங்க, கை குடுக்கலாமான்னு கேட்டுட்டு கை குடுங்க.